லென்ஸால் பற்றவைத்தால் கஞ்சாப் புகை சுத்தமாகிவிடுமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஓசூரில் வேலை, வயது 24, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போகும்போது கஞ்சா புகைக்கிற பழக்கம். லைட்டருக்குப் பதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துப் பற்றவைத்தால் புகை சுத்தமாக இருக்கும், நெஞ்சுக்குக் கெடுதல் குறையும் என்று வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு நண்பர் சொன்னாராம். லைட்டர் வாயு உள்ளே போகாது, லென்ஸின் சூடு மிதமானது, வெயில் இயற்கையானது என்று அதற்கு மூன்று காரணம். அறிவியல்படி இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ஆறு மாதமாகக் காலையில் எழுந்ததும் இருமலும் சளியும் வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இருமலுக்கு லென்ஸ் ஒரு வழியாகுமா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். லென்ஸ், வெயில், தீ இந்த மூன்றைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். புகை உடம்புக்குள் என்ன செய்யும் என்பதில் படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சொல்வேன். உங்கள் நெஞ்சில் இப்போது என்ன இருக்கிறது என்பதை நேரில் பரிசோதிக்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பார்த்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் அப்பா காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் காவல்காரர். பல வருடம் லென்ஸால் பீடி பற்றவைத்தவர். உங்கள் நண்பர் சொன்ன அதே காரணத்தை அவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸால் பற்றவைக்க முடியும், அதில் சந்தேகமே இல்லை. அப்படிப் பற்றவைத்த புகை நெஞ்சுக்கு நல்லது என்பது தவறு. உங்கள் இருமலை அது குறைக்காது.

எப்படிப் பற்றுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நண்பரின் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. தெளிந்த வானத்தில் நண்பகலில், வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் விழும். 5 செ.மீ. குறுக்களவுள்ள சாதாரணப் பூதக்கண்ணாடியின் பரப்பு 20 சதுர செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதற்குக் கிடைப்பது 2 வாட்தான். அதிலும் கண்ணாடியின் இரண்டு முகங்களிலும் பட்டுத் திரும்புவது 8 சதவீதம் போல வீணாகும். இவ்வளவு சின்ன ஆற்றல் தீ மூட்டுவதற்குக் காரணம், அது போய் விழுகிற இடத்தின் அளவு. லென்ஸ் காட்டும் அந்தப் புள்ளி வெறும் புள்ளி இல்லை, சூரியனுடைய படம். லென்ஸின் குவியத் தூரத்தை 107-ஆல் வகுத்தால் அந்தப் படத்தின் குறுக்களவு கிடைக்கும். குவியத் தூரம் 15 செ.மீ. என்றால் படம் 1.4 மில்லிமீட்டர், நம் ஊர்க் கேழ்வரகு மணி ஒன்றின் அளவு. ஒரு உள்ளங்கை வெயில் முழுவதும் ஒரு கேழ்வரகு மணியில் வந்து இறங்குகிறது. கணக்குப்படி அந்த இடத்தில் வெயில் ஆயிரம் மடங்கைத் தாண்டும். மலிவான லென்ஸில் ஓரத்துக் கதிர்கள் சரியாகக் குவியாமல் விலகுவதாலும், நிறங்கள் பிரிவதாலும் இதில் நல்ல பங்கு குறைந்துவிடும். அப்படியும் பற்றவைக்கப் போதுமானதற்கு மேலேயே இருக்கும்.

இதே கணக்கில்தான் வெள்ளெழுத்துக் கண்ணாடியால் ஏன் எளிதில் பற்றுவதில்லை என்பதும் புரியும். அதன் பவர் 2.5 என்றால் குவியத் தூரம் 40 செ.மீ. சூரியப் படம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டராக விரிந்துவிடும், பரப்பு ஏழு மடங்கு. அதே வெயில், ஏழில் ஒரு பங்கு சூடு. மாணவர்கள் தாத்தாவின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து ஏமாந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நம் மாவட்டங்கள் இருப்பது ஏறக்குறைய வட அட்சம் 12 பாகையில். ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் மறையும். டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 54 பாகை உயரத்தில் நிற்கும். லென்ஸைத் தரைக்குப் பதில் சூரியனைப் பார்த்துத் திருப்புவதால் மார்கழி மதியத்திலும் அது வேலை செய்யும். காலை ஏழு மணிக்குத்தான் செய்யாது, அதுவும் ஓசூர்ப் பனிமூட்டத்தில். கதிர் அப்போது காற்றுக்குள் மிக நீண்ட தூரம் சாய்வாக வருகிறது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. திருமந்திரத்தில் திருமூலர் சூரியகாந்தக் கல்லையும் பஞ்சையும் உவமையாக வைக்கிறார். கல்லைச் சுற்றிப் பஞ்சு இருந்தாலும் கல் தானாகச் சுடாது, சூரியன் முன்னால் வந்தால்தான் சுடும் என்கிறார். குரு வந்தபின் மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு, நீங்குவதைச் சொல்ல வந்த பாட்டு அது. ஆனால் வெயிலில் பஞ்சு பற்றுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்த ஊரில்தான் அந்த உவமை எடுபடும்.

வகுப்பில் நான் செய்துகாட்டுகிற சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் லென்ஸைக் காட்டினால் நெடுநேரம் ஒன்றும் ஆகாது, வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதே தாளில் பேனாவால் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக் காட்டினால் சில நொடியில் புகை வரும். ஒரு முறை கருகிய இடம் கறுப்பாகிவிடுவதால் அதற்குப் பிறகு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பீடி இலை பழுப்பு, காய்ந்த கஞ்சா கரும்பச்சை. இரண்டும் வெயிலை விழுங்குகிற நிறம். அவை சட்டென்று பற்றுவதற்கு வெயிலுக்கென்று தனிக் குணம் எதுவும் காரணமில்லை, நிறம்தான் காரணம்.

இங்கேதான் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். லென்ஸின் வேலை இத்தோடு முடிந்தது. கங்கு பிடித்த அடுத்த நொடி லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடலாம், பீடி தானாக எரியும். எரிய வைப்பது அதற்குப் பிறகு வெயில் கிடையாது. இலையில் இருக்கிற கார்பனும் நீங்கள் இழுக்கிற காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து வெளிவிடும் வெப்பம்தான். சிகரெட்டுக் கங்கை அளந்து பார்த்திருக்கிறார்கள். இழுக்கும்போது 900 பாகை செல்சியஸை ஒட்டிப் போகும். சுருட்டிப் புகைக்கிற எந்த இலையும் இந்தப் பாதையில்தான் போகும். கங்குக்குப் பின்னால், வாய்ப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குள், ஆக்சிஜன் போதாத ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இலை எரிவதில்லை, சூட்டில் வெந்து உடைகிறது. தார் என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் அங்கேதான் உண்டாகிறது. நீங்கள் உள்ளே இழுப்பது அந்தப் பகுதியின் புகையை. கங்கைப் பற்றவைத்தது தீக்குச்சியா, லைட்டரா, சூரியனா என்பதால் அந்தப் பகுதியில் எதுவும் மாறுவதில்லை.

1770களில் பிரான்சில் லவாய்சியே என்ற வேதியியல் அறிஞர் பெரிய லென்ஸ்களால் வெயிலைக் குவித்து வைரத்தையே எரித்தார். எரிந்ததும் வந்த வாயு சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல ஆக்கியது, அடுப்புக்கரி எரிந்தால் வருகிற அதே வாயு. வெயிலால் எரித்த வைரமும் தீயால் எரித்த கரியும் ஒரே பொருளைத்தான் தந்தன. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மாங்காய்ப் பருவத்தில், ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, அவர் தோப்பைவிட்டு நகரமாட்டார். காற்றில் தீக்குச்சி அணைந்துவிடும், கோடை மழை வந்தால் பெட்டி நமுத்துவிடும். பீடி சிகரெட் மாதிரி விட்டுவைத்தால் எரிந்துகொண்டிருக்காது. இலை காற்றை எளிதில் உள்ளே விடாது என்பதால் அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துபோகும், ஒரே பீடியை மூன்று நான்கு முறை பற்றவைக்க வேண்டியிருக்கும். சந்தையில் வாங்கிய ஒரு சின்ன லென்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். "குச்சி மருந்து வாசம் இல்லாம இருக்குதும்மா, நெஞ்சுக்கு நல்லது" என்பார். நான் அப்போது இயற்பியல் டீச்சர். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு விடாமல், அந்த லென்ஸில் கீறல் விழுந்தபோது இதைவிட நல்லதாக ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். அவர் நெஞ்சு ஐம்பத்தைந்து வயதில் இரையத் தொடங்கியது. கடைசி மூன்று வருடம் கிணற்றடிக்கும் திண்ணைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். 64 வயதில் போய்விட்டார். ஒருவருடைய கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று மாணவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதை நிரூபணமாகச் சொல்லவில்லை. வெயிலில் பற்றவைத்த பீடி அவரைக் காப்பாற்றவில்லை என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொன்னதில் உண்மை கொஞ்சம் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டோடு கந்தகமும் இருக்கிறது. உரசியதும் வருகிற அந்தக் காட்டமான நெடி கந்தக டை ஆக்சைடு. குச்சித் தலை முழுக்க எரிந்து முடிவதற்குள் இழுத்தால் முதல் இழுப்பில் அது தொண்டையைக் கடிக்கும். லைட்டரில் இருப்பது அழுத்தத்தில் திரவமாக அடைத்த பியூட்டேன். அது எரிந்தால் கிடைப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும், மஞ்சள் சுடரானால் கொஞ்சம் புகைக்கரியும் கார்பன் மோனாக்சைடும். லைட்டர் கல்லைச் சுழற்றினால் இரும்பும் சீரியமும் கலந்த பொடி பொறியாகத் தெறிக்கும். இவை எதுவும் லென்ஸில் இல்லை. ஆகவே முதல் இழுப்பின் வாசனை வேறாக இருப்பது நிஜம், உங்கள் நண்பரின் நாக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் இது ஓரிரண்டு நொடி விவகாரம். அதற்குப் பிறகு வருகிற பத்துப் பதினைந்து இழுப்பும் இலையின் புகைதான். வாசனை குறைந்ததைக் கெடுதல் குறைந்ததாக எடுத்துக்கொண்டதுதான் பிசகு.

லென்ஸ் சூடு மிதமானது என்பது முழுத் தவறு. ஆயிரம் மடங்கு வெயில் விழுகிற ஒரு கறுப்புப் புள்ளி கதிர்வீச்சால் மட்டுமே வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை 1,700 பாகை செல்சியஸைத் தாண்டும். கை நடுக்கம், காற்று, எழும்புகிற புகையின் மறைப்பு எல்லாம் சேர்ந்து நடைமுறையில் அவ்வளவு போகாது. இலை கருகிக் கங்காவதற்கு வேண்டிய சில நூறு பாகை தாராளமாகக் கிடைக்கும். லென்ஸைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சூட்டைக் குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். வெப்பமானி இல்லாமல், நடுங்குகிற கையால், மேகம் வந்துபோகிற வானத்தின் கீழ் அதைச் செய்ய முடியாது. இன்னொன்று, லென்ஸால் பற்றும் இலையில் முதலில் சுடர் வராது, கமறிக் கமறிப் புகையும். சுடரோடு எரிவதைவிடக் கமறி எரிவதில்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகம் என்பது தீயைப் பற்றிப் படித்த எல்லோருக்கும் தெரிந்தது. விறகடுப்பு ஊதினவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

வெயில் இயற்கையானது, கிருமியைக் கொல்லும், அதனால் புகையையும் சுத்தம் செய்யும் என்ற மூன்றாவது காரணத்துக்கு நெடுநேரம் தேவையில்லை. துணியைக் காயவைக்கும்போது கிருமியைக் கொல்வதில் புற ஊதாக் கதிருக்குப் பங்கு உண்டு. சாதாரணக் கண்ணாடி அதில் வீரியமான பகுதியைத் தடுத்துவிடும். லென்ஸைத் தாண்டி வருவது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஒட்டிய அகச்சிவப்பும். இலையில் பட்டதும் இரண்டும் வெறும் சூடாக மாறிவிடுகின்றன. அந்தச் சூட்டுக்கு அது எங்கிருந்து வந்தது என்ற ஞாபகம் கிடையாது.

புகையில் என்ன இருக்கிறது என்பதைப் படித்த அளவில் சொல்கிறேன். கஞ்சாப் புகையில் கார்பன் மோனாக்சைடு, தார், பென்சீன், பென்சோபைரீன் போன்ற வளைய ஹைட்ரோகார்பன்கள், அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் உண்டு. போதை தரும் பொருளை எடுத்துவிட்டால் பட்டியல் பெரும்பாலும் புகையிலைப் புகையை ஒத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் டொனால்ட் தாஷ்கின் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்குப் பயன்படும். கஞ்சா, புகையிலை இரண்டும் பழகிய 15 ஆண்களைப் புகைக்கவைத்து அளந்தார்கள். ஏறக்குறைய ஒரே எடையுள்ள சுருளில், கஞ்சா புகைத்தபோது ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. உள்ளே போன தார் மூன்று மடங்கு. உள்ளேயே தங்கிய பங்கும் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதற்குக் காரணம் இலை மட்டுமில்லை, புகைக்கிற விதமும்தான். பெரிதாக இழுத்து, ஆழமாக வாங்கி, நான்கு மடங்கு நேரம் மூச்சை அடக்குகிறார்கள். வடிகட்டியும் கிடையாது. மூச்சை அடக்கினால் போதை கூடும் என்று நினைக்கிறார்கள். அதில் போதை பெரிதாகக் கூடுவதில்லை, தார் மட்டும் நன்றாகத் தங்குகிறது.

இதில் உறுதியானது எது, இழுபறியில் நிற்பது எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு நாள்பட்ட இருமல், சளி, மூச்சில் இரைச்சல் வரும் என்பது உறுதி. பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் அது. நிறுத்தினால் அந்த இருமல் குறையும் என்பதும் உறுதியானதுதான். புற்றுநோய் விஷயம் அப்படி இல்லை. புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் அதே லாஸ் ஏஞ்சலிஸ் குழு பங்கேற்று 2006-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் கஞ்சாவுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. வேறு ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. பலர் புகையிலையையும் சேர்த்தே புகைப்பதால் பிரித்தெடுப்பது கடினமாக இருக்கிறது. ஆகவே கஞ்சா புற்றுநோயைத் தரும் என்று உங்களை நான் பயமுறுத்த மாட்டேன். மனநிலை பற்றி ஒரு வரி மட்டும்: சுவீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகமாகக் கஞ்சா எடுத்தவர்களிடம் மனச்சிதைவு ஆறு மடங்கு காணப்பட்டது. இதில் எது காரணம், எது விளைவு என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் விவாதம் முடியும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது.

லென்ஸ் புகையும் தீக்குச்சிப் புகையும் ஒன்றுதானா என்று என் மாணவிகள் ஒருமுறை கேட்டார்கள். ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு ஊதுபத்தி எடுத்தோம். ஒன்றைத் தீக்குச்சியாலும் ஒன்றை மைதானத்தில் லென்ஸாலும் பற்றவைத்து, ஒவ்வொன்றின் புகையையும் ஈர வெள்ளைத் துணியின் வழியாக சைக்கிள் பம்ப்பைத் திருப்பிப் போட்டு இழுத்தோம். இரண்டு துணியிலும் ஒரே பழுப்புக் கறை. கண்ணால் பார்த்த அளவில்தான் சொல்கிறேன், அது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. லென்ஸ் வாங்கியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், நண்பரையும் உட்காரவைத்து நீங்களே செய்து பார்க்கலாம்.

லென்ஸால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட முடியாது, கண் இருக்கிறது. நம் கண்ணே ஒரு லென்ஸ்தான். குவியத் தூரம் 17 மில்லிமீட்டர், சூரியனைப் பார்த்தால் விழித்திரையில் 0.16 மில்லிமீட்டரில் அதன் படம் விழும். வாயில் வைத்திருப்பதன் நுனியில் வெயிலைக் குவிக்கும்போது, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கண்கூசும் ஒரு புள்ளியை விடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மாலை நேரமானால் சூரியனுக்கு நேராக முகத்தைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் தலை நிழலே மறைக்கும். போதை ஏறிய கைக்குக் குறியும் தவறும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. என் வகுப்பில் பத்தாவது படித்த பையன் ஒருவன், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்த்துவிட்டான். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் புத்தகத்தில் எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறை என்றான். மாதக்கணக்கில் கொஞ்சம் தெளிந்தது, முழுக்கத் தெளியவில்லை. அன்று லென்ஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டியது என் தவறு.

அடுத்தது காடு. அணைப் பக்கம் மட்டும்தான் போகிறீர்களா, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, வத்தல்மலைப் பக்கமும் போவீர்களா என்று எழுதவில்லை. நம் காடுகள் இலையுதிர் காடுகள். மாசியிலிருந்து சித்திரை வரை தரையெல்லாம் சருகு. பகல் வெளிச்சத்தில் சருகில் பிடித்த கங்கு கண்ணுக்குத் தெரியாது, நீங்கள் வண்டியேறிப் போன பிறகுதான் காற்று வந்து அதை ஊதும். பாறைமேல் மறந்து வைத்துவிட்டு வந்த லென்ஸ் மறுநாள் வெயிலில் தானாகவே வேலை செய்யக்கூடும். வைக்கோல் போர், கரும்புச் சோகை பக்கத்திலும் அப்படித்தான். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம் என்பது தனி.

சட்டத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வீடியோக்காரர் இருக்கிற ஊரில் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருக்கலாம். இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நடப்பில் இருக்கிறது. புகைத்ததற்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் ஒரு கிலோ வரை இருந்தால் ஓராண்டு வரை. பொட்டலம் ஒருவர் பையில், லென்ஸ் ஒருவர் கையில் என்று நான்கு பேர் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும்போது எது யாருடையது என்று அந்த நேரத்தில் யாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அதே சட்டத்தின் 64ஏ பிரிவை அதிகம் பேர் அறிந்திருப்பதில்லை. பழக்கத்துக்கு அடிமையானவர், புகைத்த குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கினாலும், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற முடியும் என்கிறது அது.

இனி இருமல். ஆறு மாதமாகக் காலையில் சளியோடு இருமல் என்றால் மூச்சுக்குழாயின் உள்தோல் புண்பட்டுப் போயிருக்கிறது என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. அது என் ஊகம்தான். காசநோய், ஆஸ்துமா, வேலை செய்கிற இடத்துத் தூசி என்று வேறு காரணங்களும் இருக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் நம் நாட்டில் முதலில் சளிப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், அரசு மருத்துவமனையில் அது இலவசம். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, நெஞ்சக நோய்ப் பிரிவு எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்லி நுரையீரலின் அளவை எடுக்கும் சோதனைக்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர், அதைச் செய்ய வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். என் அப்பாவுக்கு அந்தச் சோதனை நடந்தபோது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. 24 வயதில் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கிற நிலையில்தான் இருக்கும்.

டாக்டரிடம் கஞ்சா என்று சொல்லத் தயங்கி, சிகரெட் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் சிகிச்சைக்காகக் கேட்கிறார், பொய்த் தகவலை வைத்து அவரால் சரியாகக் கணிக்க முடியாது. வாரம் எத்தனை, எத்தனை வருடமாக, புகையிலை கலந்தா கலக்காமலா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நம் பக்கம் பெரும்பாலும் பீடியையோ சிகரெட்டையோ பிரித்துக் கலந்துதான் சுருட்டுகிறார்கள். அப்படியென்றால் உங்களை இழுப்பதில் பாதி நிகோட்டினாக இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம் உண்டு. நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். போதைப் பழக்கத்துக்கான மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றையாவது விட்டுவிட்டு, அடுத்த வாரம் முழுக்கக் காலை இருமலைத் தேதியோடு குறித்துவையுங்கள். சளி எவ்வளவு, என்ன நிறம், ரத்தக் கீற்று உண்டா என்பதும் அதில் இருக்கட்டும். ரத்தம் தென்பட்டால் வாரம் முடியும்வரை பார்க்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை இதற்குக் கீழேயே எழுதினால் நான் படிப்பேன்.